நாகர்கோவிலிலிருந்து காளிகேசம்: ஒரு முழுநாள் சைக்கிள் பயணத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்துக் காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கிற காளிகேசத்துக்குச் சைக்கிளில் போகும் நாளைச் சாயங்காலத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை எல்லோரும் யோசித்துவிடுகிறார்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை முதல்நாளே முடிவு செய்துகொண்டு போகிறவர்கள் குறைவு. வழியில் சிக்கிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தைத் தாண்டி ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள்தாம். ஏற்றம் அவர்களை வீழ்த்துவதில்லை.

தை மாதத்தில் நம் மாவட்டத்தில் காலை 6.40 வாக்கில் சூரியன் உதித்து, மாலை 6.20 வாக்கில் மறைகிறது. மலைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கிற கீரிப்பாறைப் பக்கத்தில் ஐந்து மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். யானை நடமாடும் காடு அது. ஆகவே மூன்று மணிக்குள் காட்டை விட்டு வெளியே வந்து தடிக்காரன்கோணம் கடைத்தெருவில் நிற்க வேண்டும். வழியில் ஒரு பஞ்சருக்கு முக்கால் மணி நேரம், இறக்கத்தில் நிதானமாக வர ஒரு மணி நேரம், கையிருப்பாக ஒரு கால் மணி நேரம் என்று ஒதுக்கினால், காளிகேசத்திலிருந்து கிளம்ப வேண்டிய கடைசி நேரம் மதியம் 1 மணி. பஞ்சர் ஆகவில்லையென்றால் அந்த முக்கால் மணி நேரம் டீக்கடையில் கழியட்டும். இந்த 1 மணியைக் குழுவில் எல்லோருக்கும் முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். காலையில் எவ்வளவு தாமதமானாலும் இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பத்தரைக்கும் கீரிப்பாறை வரவில்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

தூரமும் வழியும்

வடசேரியிலிருந்து புத்தேரி, இறச்சகுளம், துவரங்காடு, பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, பிறகு காளிகேசம். ஒரு வழிக்கு 25 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். போய்வர 55 என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைப் பார்த்து இது அரைநாள் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். திட்டுவிளை வரைக்கும் கிட்டத்தட்ட பாதித் தூரம். அது நாஞ்சில் நாட்டு வயல்வெளிச் சாலை, பெரும்பாலும் சமதளம். மீதிப் பாதி ஏறி இறங்கி, இறங்கி ஏறிப் போகும் ரப்பர் தோட்டச் சாலை. நேரம் முழுவதையும் தின்பது அந்தப் பாதிதான்.

நெடுந்தூரம் வேண்டுமென்பவர்கள் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பலாம். சுசீந்திரம் வழியாக நாகர்கோவில் வர 20 கிலோமீட்டர் கூடும். போய்வர மொத்தம் 90-ஐத் தாண்டும். இதற்கு முன்பு ஒரே நாளில் 60 கிலோமீட்டராவது மிதித்திருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். மதியத்துக்குப் பிறகு வருகிற கடைசி 20 கிலோமீட்டர், காலையில் போன அதே 20 போல இருக்காது.

வேகத்தைக் குறைத்தே கணக்கிடுங்கள். கியர் சைக்கிளில் சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர், தடிக்காரன்கோணத்துக்கு மேலே 10. கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் 12, மேலே 7 அல்லது 8. இரண்டு மூன்று இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். முன்னால் 44 பல் சக்கரமும் பின்னால் 18 பல் சக்கரமும் செயினில் ஓடும் சைக்கிளை அந்த ஏற்றத்தில் எழுந்து நின்று சவுட்டினால் முழங்கால்தான் கூலி கொடுக்கும். தள்ளுவதில் ஒரு குறைவும் இல்லை. தள்ளுகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் போதும்.

இந்தக் கணக்குப்படி வடசேரியில் காலை 5.45-க்குக் கிளம்பினால், திட்டுவிளை 6.40, தடிக்காரன்கோணம் ஏழேகால். அங்கே அரை மணி நேரம் சாப்பாடு. கீரிப்பாறை எட்டரைக்குள், காளிகேசம் ஒன்பதேகால் வாக்கில். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் 5.45-க்குக் கிளம்பாதீர்கள். அந்த நேரத்தில் பூவும் மீனும் பாலும் ஏற்றிய வண்டிகள் விரைவாகப் போகும். ஓட்டுநர் கண்ணுக்கு உங்கள் முதுகு மட்டுமே தெரியும்.

எந்த மாதம், எந்த நாள்

தையும் மாசியும் மிகச் சிறந்தவை. மழை குறைவு, காலையில் இதமான குளிர், ஆற்றில் தண்ணீர் தெளிவு. ஆனால் ஒரு விஷயத்தை வெளியூர்க்காரர்கள் எதிர்பார்ப்பதில்லை: அந்த மாதங்களில்தான் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். "ரப்பர் தோட்டம் முழுக்க நிழல்" என்று நம்பி வந்தால், தையில் வெறும் கிளைகளுக்கு அடியில் வெயிலில் மிதிக்க நேரும். உதிர்ந்த இலை சாலை ஓரத்தில் மெத்தை போலக் கிடக்கும். அதற்கடியில் குழி இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று தெரியாது. வளைவில் அந்த இலையின் மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் சறுக்கும். இலை இல்லாத தார்ப்பகுதியிலேயே ஓட்டுங்கள்.

பங்குனி, சித்திரையில் காலை நன்றாக இருந்தாலும் மதியம் இரண்டு மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் இடி மழை திரளும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவம். இறச்சகுளம் முதல் திட்டுவிளை வரை திறந்த வயல்வெளி என்பதால் மேற்கேயிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிப் போகிற காற்று பக்கவாட்டில் தள்ளும். அகலமான ஹேண்டில்பாரும் முதுகுப் பையும் இருந்தால் இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், வேண்டாம்.

மழையைப் பார்ப்பதற்கு நம் மாவட்டத்தில் எளிய வழி ஒன்று இருக்கிறது. உள்ளூர்ப் பதிப்பு நாளிதழ்களில், முந்தைய நாள் எங்கெங்கே எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்ற பட்டியலும் அணை நீர்மட்டமும் வரும். அதில் பாலமோர் என்ற பெயரைத் தேடுங்கள். கீரிப்பாறைக்கு மேலே இருக்கிற மலைத்தோட்டம் அது. நாகர்கோவிலில் ஒரு சொட்டு மழை இல்லாத நாளில்கூட பாலமோரில் 40 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கலாம். அந்தத் தண்ணீர் வேறெங்கும் போகாது, காட்டாற்றில்தான் வரும். பயணத்துக்கு முந்தைய மூன்று நாளும் பாலமோர் எண்ணைப் பாருங்கள். இரண்டு இலக்கத்தில் தொடர்ந்து வந்தால் நாளை மாற்றுங்கள். வானிலை ஆய்வு மையம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். வெள்ளம் வரும்போது வனத்துறை சுற்றுலாவுக்குத் தடை போட்டுவிடும். சாவடி வரை மிதித்துவிட்டுத் திரும்புவது மனதைச் சோர வைக்கும்.

ஞாயிற்றுக்கிழமையையும் அரசு விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்குக் கார்களும் வேன்களும் அந்தக் குறுகிய சாலையில் எதிரும் புதிருமாக நிற்கும். சைக்கிள்காரருக்கு ஓரத்தில் மண்ணும் சாக்கடையும்தான் மிஞ்சும். வார நாள் காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் இருசக்கர வண்டிகளும் அரசுப் பேருந்தும் தவிர அதிகம் இருக்காது.

சைக்கிளைத் தயார் செய்வது

இதைக் கிளம்புவதற்கு முதல்நாள் இரவு செய்யக் கூடாது. குறைந்தது நான்கு நாள் முன்னால் செய்யுங்கள்; பழுது பார்த்த பிறகு 15 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க வேண்டும். புதுப் பிரேக் ஒயர் முதல் நாளில் கொஞ்சம் இழுபட்டுத் தளரும், மாற்றிய ஸ்போக் தளரும். அதெல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே நடந்துவிட்டால் நல்லது.

முதலில் பிரேக். போகும்போது ஏறுகிற ஒவ்வொரு மேடும் வரும்போது இறக்கம். பிரேக் கைப்பிடியை முழு பலத்தோடு அழுத்தினால், அதற்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடமாவது மிஞ்ச வேண்டும். ஒட்டிப் போனால் ஒயரை இழுத்துக் கட்டுங்கள். ஒயர் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் பிரியும். கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு இழை பிய்ந்து முள் மாதிரி நின்றாலும் ஒயரை மாற்றிவிடுங்கள். ஒன்றுபோனால் மற்ற இழைகள் வேகமாகப் போகும். பிரேக் கட்டையில் உள்ள பள்ளக்கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் அதுவும் மாற்ற வேண்டியதே. கட்டை ரிம்மில் மட்டும் உரச வேண்டும். ஓரம் டயரில் பட்டால், ஓர் இறக்கத்திலேயே டயர் சுவரைத் தின்றுவிடும்.

பழைய மாதிரி சைக்கிள்களில் பளபளக்கும் இரும்பு ரிம் இருக்கும். அது நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை பிடிக்கவே பிடிக்காது. சக்கரம் இரண்டு மூன்று சுற்று சுற்றித் தண்ணீர் வழிந்த பிறகே பிடி கிடைக்கும். மழையில் இறங்கும்போது வளைவுக்கு வெகு முன்னாலேயே லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். அலுமினிய ரிம்மில் இந்தத் தொல்லை குறைவு. டிஸ்க் பிரேக் என்றால் செயினுக்கு எண்ணெய் விடும்போது தட்டில் ஒரு துளியும் தெறிக்கக் கூடாது. தெறித்தால் அந்தப் பேட் வீண்.

அடுத்தது டயர். 70 கிலோ எடையுள்ளவர் ஓட்டும்போது, 26×1.95 அளவு மலைச் சைக்கிள் டயருக்கு 40 முதல் 50 பிஎஸ்ஐ, 700×35 அளவுள்ள ஹைப்ரிட் டயருக்கு 60 முதல் 70. டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. காற்று குறைந்தால் குழியில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது மாதிரி இரண்டு ஓட்டை விழும். காற்று மிகுந்தால் இலைச் சருகிலும் பாசியிலும் டயர் நழுவும். டயர் சுவரில் வெடிப்பு தெரிந்தால், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று இந்தப் பயணத்தில் விடாதீர்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ரிம் ஓர் இடத்தில் மட்டும் பிரேக் கட்டையை உரசினால் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கிள்ளிப் பார்த்தால் தளர்ந்தது கையில் தெரியும். செயினில் எண்ணெயை ஊற்றாதீர்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதைத் துணியால் முழுக்கத் துடையுங்கள். வெளியே நிற்கிற எண்ணெய் சாலை மண்ணைப் பிடித்து அரைக்கும்.

சீட் உயரம் பெரும்பாலோர் தவறாக வைத்திருக்கும் விஷயம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் மேல் வைத்து, பெடலை ஆகக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அதுதான் சரி. சீட் தாழ்ந்திருந்தால் திட்டுவிளை தாண்டுவதற்குள் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும்.

பையில் என்ன

மாற்று டியூப் 1, உங்கள் டயர் அளவுக்குச் சரியானது. பஞ்சர் பேட்ச் 6, உடைக்காத சொல்யூஷன் டியூப் 1 (ஒருமுறை திறந்தது சில வாரத்தில் உள்ளே காய்ந்துவிடும்), உப்புத்தாள் ஒரு துண்டு, டயர் லீவர் 2, கைப்பம்பு 1. பம்பின் வாய் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை காற்றடித்துப் பாருங்கள். சாதாரண சைக்கிள் வால்வு என்றால் வால்டியூப் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. அந்தச் சின்ன ரப்பர் குழாய் உளுத்துப் போனால் டியூப்பில் ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கும், பலரும் வீணாகப் பஞ்சர் தேடுவார்கள். 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், பழைய துணி, மெல்லிய கம்பி ஒரு முழம். இவ்வளவு போதும். தடிக்காரன்கோணத்துக்கு மேலே சைக்கிள் கடையை எதிர்பார்க்காதீர்கள்.

எடை முதுகில் வேண்டாம், கேரியரில் கட்டுங்கள். முதுகுப் பை வியர்வையைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டைக் கூட்டும், இடுப்பையும் வலிக்க வைக்கும்.

வழியில் பஞ்சர் ஆனால்

சைக்கிளைச் சாலையிலிருந்து முழுக்க விலக்கி, வளைவில்லாத இடத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். பின்சக்கரம் என்றால் முதலில் கியரை ஆகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். கழற்றி மாட்டுவது எளிது. காற்றை முழுக்க இறக்கி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து லீவரைப் போட்டு டயரின் ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்தால் போதும்.

டியூப்பில் லேசாகக் காற்றடித்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து மெல்லச் சுற்றுங்கள். காதுக்குக் கேட்காத சின்னக் கசிவுகூடக் கன்னத்துக்குத் தெரியும். ஓட்டை கிடைத்த இடத்தை டயரோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். முள் அந்த இடத்தில்தான் இருக்கும். இதைச் செய்யாமல் புது டியூப்பை மாட்டுவதுதான் பெரிய தவறு. டயருக்குள் நின்ற முள் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது டியூப்பையும் குத்தும். விரலை உள்ளே விட்டுத் தடவாதீர்கள், கண்ணாடித் துண்டு கிழிக்கும். துணியை உட்பக்கம் ஒரு சுற்று இழுங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்.

உப்புத்தாளால் பேட்ச்சை விடப் பெரிய வட்டமாகத் தேயுங்கள், டியூப்பின் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் வர வேண்டும். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, நான்கைந்து நிமிடம் காத்திருங்கள். விரலால் ஓரத்தைத் தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகுதான் பேட்ச்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பேட்ச் அடியில் குமிழ் நின்று, சூடானதும் பிரியும். அவசரத்தில் தவறுவது இந்த ஓர் இடத்தில்தான். மழை பெய்தால் பேட்ச் போடவே முயலாதீர்கள். மாற்று டியூப்பைப் போட்டுவிட்டுப் பழையதை வீட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். டயரைத் திரும்ப ரிம்முக்குள் தள்ளும்போது கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். லீவரால் நெம்பினால் டியூப்பைக் கடித்துவிடும்.

தண்ணீரும் சாப்பாடும்

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் என்பது கணக்கு. கிளம்பும்போது 750 மில்லி பாட்டில் இரண்டு நிறைந்திருக்க வேண்டும். திட்டுவிளையிலும் தடிக்காரன்கோணத்திலும் நிரப்பிக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நுழையும்போது ஒருவருக்கு 2 லிட்டர் கையில் இருக்கட்டும். ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் குடிக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒருவருக்கு இரண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் உப்புக் கூடி வயிற்றைப் புரட்டும்.

காலைச் சாப்பாட்டைத் தடிக்காரன்கோணம் பக்கம் முடித்துவிடுங்கள். புட்டும் பயறும் பப்படமும் இந்தப் பயணத்துக்காகவே செய்தது மாதிரி: வயிறு நிறையும், எண்ணெய் குறைவு, இரண்டு மணி நேரம் தாங்கும். புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு ஏற்றம் ஏறினால் பாதியில் நெஞ்சுக்கு வரும். ஆளுக்கு ஆறு மட்டிப் பழம் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பழம். விரல் நீளம்தான், இரண்டு வாயில் போய்விடும், ஏற்றத்தின் நடுவே ஒரு காலை ஊன்றி நின்றே தின்னலாம். முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று என்று பசி வருவதற்கு முன்பே தின்னுங்கள். பசி வந்த பிறகு தின்றால் கால் சக்தி திரும்ப அரை மணி நேரம் ஆகும். இரண்டு கடலை மிட்டாயும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மதியத்துக்கு எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ வாழையிலையில் கட்டிக் கொண்டுபோவது நல்லது. எவர்சில்வர் டப்பா கனம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. காட்டுக்குள் அதைக் கொண்டுபோகாமல் இருப்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல. மிச்சச் சோறு ஒட்டிய பையை மிளா மானும் குரங்கும் அப்படியே விழுங்கும்.

சாவடிக்குப் பிறகு

காளிகேசம் வனத்துறைப் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. போன் சமிக்ஞை அங்கே நம்ப முடியாதது என்பதால் சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். வனத்துறையினரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "நேத்து ராத்திரி யானை வந்துச்சா அண்ணாச்சி, ஆத்துல இறங்க விடுறீங்களா?" அந்தப் பதிலைப் பொறுத்து அன்றைய மீதியை முடிவு செய்யலாம்.

தார்ச்சாலையை விட்டு எந்த ஒற்றையடிப் பாதையிலும் சைக்கிளை இறக்காதீர்கள். கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ரப்பர் தோட்டத்துக்குள் போகும் மண்பாதைகளும் பொதுவழி அல்ல, பலவும் அரசு ரப்பர் கழகத்தின் தொழிலாளர்களுக்கான பாதை.

சைக்கிளில் போகும்போது சத்தமே வராது, அதுதான் காட்டில் அதன் அழகு, அதுதான் ஆபத்தும். யானைக்கு நீங்கள் வருவது தெரியாமல் வளைவில் நேருக்கு நேர் நின்றுவிடலாம். பார்வை மறைக்கிற வளைவுகளில் மெதுவாக, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள். சாலையில் ஈரம் காயாத சாணம், புதிதாக ஒடித்த மூங்கில் அல்லது ஈத்தல், திடீரென வீசும் தொழுவம் போன்ற வாடை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் நின்றுவிடுங்கள். யானை கண்ணில் பட்டால் மணி அடிக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். வந்த வழியிலேயே திரும்பி, ஒரு வாகனம் வரும்வரை காத்திருங்கள்.

மழைக்குப் பிந்தைய நாட்களில் அட்டை இருக்கும். முழங்கால் வரை காலுறை போட்டு, அதன் மேல் உப்புக் கரைசல் தடவினால் பெருமளவு ஏறாது. கடித்துவிட்டால் பிய்த்து எறியாமல், நகத்தை அதன் வாய்க்கு அடியில் நுழைத்துப் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காமல் வருவது இயல்பு. துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

ஆற்றில் இறங்குவதென்றால் ஒருவர் கரையில் நின்று மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், அல்லது இதுவரை தண்ணீருக்கு மேலே தெரிந்த ஒரு கல் மூழ்கினால், மேலே மழை பெய்து வெள்ளம் வருகிறது. சாமானை எடுக்க நிற்காமல் கரையேறுங்கள். இறங்கியதுமே ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

காளிகேசம் மூடியிருந்தால்

மழையால் தடை என்றால் அன்றைய நாளை உதயகிரிக் கோட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் 14 கிலோமீட்டர் வாக்கில், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. கோட்டை மதிலுக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மரநிழலில் நடக்கப் பாதை உண்டு. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படையிலேயே தளபதியான டச்சுப் படை அதிகாரி டி லனாயின் கல்லறையும் உள்ளே இருக்கிறது. இறந்த ஆண்டு 1777. அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனை மிக அருகில், ஆனால் திங்கட்கிழமை விடுமுறை. இந்தச் சாலையின் குறை லாரி. கல்லும் மணலும் ஏற்றிய வண்டிகள் நாள் முழுவதும் போகும்; பார்வதிபுரத்தைக் காலை ஆறு மணிக்குள் தாண்டிவிட்டால் பாதிச் சிரமம் குறையும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகளும் சேர்ந்துகொள்வதால் அந்த மாதங்களில் இந்த மாற்றுவழியைப் பரிந்துரைக்க மாட்டோம்.

திரும்பும்போது

இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும். நீளமான இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டு, மறுபடியும் அழுத்துங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் கூடாது, நுழைவதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். நிழலான வளைவுகளில் சாலையின் உள் ஓரத்தில் பச்சைப் பாசி படிந்திருக்கும். அந்த ஓரத்தைத் தொடாதீர்கள்.

மிதிக்க முடியாத அளவுக்குச் சைக்கிளோ உடம்போ பழுதானால் தடிக்காரன்கோணம் வரை தள்ளிக்கொண்டு வந்து, குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) ஒன்றைப் பேசி ஏற்றிக்கொள்ளுங்கள். பேருந்தில் சைக்கிள் ஏற்றுவார்கள் என்று நம்பி வர வேண்டாம். தலைசுற்றல், வியர்வை நின்று தோல் சூடாதல், பேச்சு குழறுதல் எல்லாம் வெப்பத் தாக்கின் அறிகுறி. நிழலில் படுக்க வைத்து உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படுத்துவிடத் தோன்றும். செயினைத் துடைத்து கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள், ஈரத்தோடு விட்டால் காலையில் துரு தெரியும். இரண்டு டயரையும் மெல்லச் சுற்றி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். பாதி குத்தி நிற்கிற முள்ளும் கண்ணாடிச் சில்லும் இப்போது எடுத்தால் ஊசி முனையோடு போகும். விட்டால் மறுநாள் வேலைக்குப் போகும்போது டியூப்பைத் தொடும். பிறகு இரண்டு டயரிலும் கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் மறுபடி அழுத்திப் பாருங்கள். ஒன்று மட்டும் மெத்தென்று இருந்தால் அதில் மெதுவான கசிவு இருக்கிறது. அந்த டியூப்பை ஒரு வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழ் வரும் இடம் தெரியும்.